லென்ஸ் நூலகம்: உறுப்பினர் முறையில் கேமரா லென்ஸ் இரவல் சேவை தொடங்குவது எப்படி?

ஊரில் ஒரு நிக்காஹ். மண்டபத்தின் மேடையில் மாப்பிள்ளையைச் சுற்றிப் பெரியவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். மேடைக்கு முன்னால் நின்று மறைக்கக் கூடாது என்பதால் போட்டோகிராபர் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளித்தான் நிற்க வேண்டும். மண்டபத்து விளக்கு மஞ்சளாக, மங்கலாக இருக்கிறது. அவர் கையில் இருப்பது கேமராவுடன் பெட்டியில் வந்த 18-55 லென்ஸ். முழுவதும் ஜூம் செய்தால் அதன் திறப்பு எஃப் 5.6 வரைதான் போகும். அதே இடத்தில் எஃப் 2.8 திறப்புள்ள 70-200 லென்ஸ் இருந்தால் நான்கு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஐ.எஸ்.ஓ. 6400 வைத்து புள்ளி புள்ளியாக எடுக்கும் படத்தை 1600-லேயே தெளிவாக எடுத்துவிடலாம்.

அந்த லென்ஸின் விலை லட்சத்தை எளிதில் தாண்டும். அவருக்கோ அது வருடத்தில் பதினைந்து இருபது நாட்கள்தான் தேவை. மீதி நாட்களில் அது அலமாரியில் உறங்கும். இருந்தும் பல இளைஞர்கள் அதை வட்டியுடன் கூடிய மாதத் தவணையில் வாங்கிவிடுகிறார்கள். தவணை கட்டுவதற்காகவே குறைந்த கூலிக்கு வேலை ஒப்புக்கொள்கிறார்கள். தவணை முடிவதற்குள் கேமரா நிறுவனம் புது மாடல் வெளியிட்டு, பழைய லென்ஸின் மதிப்பைப் பாதியாக்கி விடுகிறது. தொழிலுக்கு வந்த இரண்டு வருடத்தில் கேமராவையே விற்றுவிட்டு வேறு வேலைக்குப் போனவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்களில் பலரைத் தோற்கடித்தது திறமைக் குறைவு அல்ல, இந்தக் கடன்தான்.

இப்படிப்பட்ட இருபது பேர் ஒரு வட்டாரத்தில் இருந்தால், இருபது லென்ஸ்கள் வாங்க வேண்டியதில்லை. நல்ல லென்ஸ்கள் நான்கு போதும். நூலகத்தில் சந்தா கட்டிப் புத்தகம் எடுப்பதுபோல உறுப்பினராகி லென்ஸை எடுத்துப் பயன்படுத்திவிட்டுத் திருப்பித் தரலாம். இதைச் சிறு தொழிலாக எப்படித் தொடங்குவது, எங்கே சறுக்கும் என்பதைப் பார்ப்போம்.

புதிய யோசனை அல்ல

லென்ஸ் வாடகை அமெரிக்காவில் பெரிய தொழில். டென்னஸி மாநிலத்தில் மெம்ஃபிஸ் நகரத்தை ஒட்டி இயங்கும் லென்ஸ்ரென்டல்ஸ் நிறுவனத்தை 2006-இல் தொடங்கிய ரோஜர் சிகாலா அடிப்படையில் ஒரு மருத்துவர். திரும்பி வரும் ஒவ்வொரு லென்ஸையும் சோதித்துப் பார்க்கும் பழக்கத்தால் அந்த நிறுவனம் ஒரு விஷயத்தை உலகத்துக்கே எடுத்துக் காட்டியது. ஒரே மாடல், ஒரே தொழிற்சாலை என்றாலும் ஒரு லென்ஸ் இன்னொன்றைப்போல இருப்பதில்லை. ஒன்று நான்கு மூலையும் கூர்மையாக எடுக்கும், இன்னொன்று வலது மூலையில் மட்டும் மங்கும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் சேவையிலும் "நான் எடுத்தபோதே இப்படித்தான் இருந்தது" என்ற சச்சரவு கட்டாயம் வரும். அதற்கான பதில் சோதனைப் பதிவேட்டில்தான் இருக்கிறது. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

நம் ஊர்களில் சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களில் வாடகைக் கடைகள் உண்டு. அவை யார் வந்தாலும் முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுப்பவை. சிறிய ஊரில் இருப்பவர் ஒரு நாள் வேலைக்காக நகரத்துக்குப் போய் எடுத்து, மறுபடி போய்த் திருப்பித் தர இரண்டு நாள் கூலியை இழக்கிறார். உறுப்பினர் முறைக்கு உண்மையான இடம் இருப்பது இப்படிப்பட்ட ஊர்களில்தான்.

யாருடைய லென்ஸ்?

இதில் மூன்று வழிகள் உண்டு. ஒருவரே முதல் போட்டு லென்ஸ் வாங்கி, மற்றவர்களை உறுப்பினராகச் சேர்ப்பது ஒன்று. சிலர் கூட்டாகப் பணம் போட்டு வாங்கி, கூட்டாளிகளாக நடத்துவது இரண்டாவது. அவரவர் சொந்த லென்ஸை ஒரு பொதுப் பட்டியலில் சேர்த்து, ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்குவது மூன்றாவது.

மூன்றாவது வழி காசில்லாமல் தொடங்கலாம் என்பதால் எல்லோருக்கும் பிடிக்கும். என் கருத்தில் அதுதான் சீக்கிரம் உடையும். ஒருவர் புத்தம் புதிய லென்ஸ் கொடுத்திருப்பார், இன்னொருவர் கீறல் விழுந்த பழைய 50 மி.மீ. லென்ஸைக் கொடுத்துவிட்டு அந்தப் புதியதை மாதம் மூன்று முறை எடுப்பார். மனக்கசப்பு மூன்றாவது மாதத்திலேயே வந்துவிடும். முதல் வழியிலோ இரண்டாவது வழியிலோ தொடங்குவதே நல்லது.

பதிவு விஷயம் பெரிய சுமை அல்ல. ஒருவர் மட்டும் நடத்தினால் தனிநபர் நிறுவனம் போதும். மத்திய அரசின் உத்யம் தளத்தில் கட்டணமின்றிச் சிறு தொழிலாகப் பதிந்துகொள்ளலாம். கூட்டு என்றால் 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமாகிறது. தொடக்க நிலையில் நீங்கள் அந்த எல்லைக்கு வெகு கீழே இருப்பீர்கள்.

ஒன்றில் மட்டும் மிகவும் கவனம் வேண்டும். "பத்தாயிரம் கட்டுங்கள், மாதாமாதம் லாபம் தருகிறோம்" என்று வெளியாரிடம் பணம் திரட்டிவிடாதீர்கள். ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் கடுமையானது. உறுப்பினர் கட்டும் முன்பணம் பொருளுக்கான பிணைத்தொகை. அதற்கு லாபமும் இல்லை, வட்டியும் இல்லை, விலகும்போது திரும்பக் கிடைக்கும். ரசீதிலேயே இதை எழுதிக் கொடுத்துவிடுங்கள். கூட்டாளி வேறு, உறுப்பினர் வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள் பின்னால் கணக்கில் சிக்கிக்கொள்கிறார்கள்.

ஒரே முகூர்த்த நாளில் இருபது பேர்

இந்தத் தொழிலின் மிகப்பெரிய சிக்கல் திருட்டும் அல்ல, உடைவதும் அல்ல. எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே லென்ஸ் வேண்டும் என்பதுதான்.

இருபது உறுப்பினர்களும் கல்யாண போட்டோகிராபர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தை, வைகாசி, ஆவணி மாதத்து முகூர்த்த நாட்களில் இருபது பேரும் 70-200 கேட்பார்கள். ஆடியிலும் மார்கழியிலும் அலமாரி திறக்கவே வேண்டியிருக்காது. நம் சமுதாயத் திருமணங்களும் அப்படித்தான். ரமளானில் அநேகமாக இருக்காது, பெருநாள் முடிந்த ஷவ்வாலில் வரிசையாக வரும், அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில். வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வருபவர்களின் தேதிகளை ஒட்டியும் திருமணங்கள் குவியும். இரண்டு காலண்டர்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் உங்கள் ஊரின் உண்மையான தேவை புரியும்.

ஆகவே உறுப்பினர் சேர்க்கும்போதே பலவகைப்பட்டவர்களாகச் சேருங்கள். வேடந்தாங்கலுக்கும் கோடியக்கரைக்கும் பறவை படமெடுக்கப் போகிறவருக்கு நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நீளமான லென்ஸ் தேவை, முகூர்த்தத்தைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. துணிக்கடைக்கும் ஆன்லைன் விற்பனைக்கும் பொருட்களைப் படமெடுப்பவர் வார நாட்களில் வேலை செய்வார், அவருக்கு 100 மி.மீ. மேக்ரோ வேண்டும். காட்சித் தொடர்பியல் மாணவர்களுக்குத் தேர்வுப் பணி வரும் மாதங்களில் 50 மி.மீ. லென்ஸும் அகல லென்ஸும் போதும். பள்ளி ஆண்டு விழா, விளையாட்டு விழா எடுப்பவர்களின் காலம் ஜனவரி, பிப்ரவரி. கல்யாணக்காரர்கள் மொத்தத்தில் பாதிக்கு மேல் இருக்க வேண்டாம் என்பது என் கணக்கு.

அப்படியும் மோதல் வரும். முதலில் கேட்டவருக்கு முதலில் என்ற விதி நியாயமாகத் தோன்றும். ஆனால் தந்திரமான ஒருவர் வருடத் தொடக்கத்திலேயே எல்லா முகூர்த்த நாளையும் பதிந்துவிடுவார். அதனால் நெருக்கடியான நாட்களுக்கு மட்டும் தனி விதி வையுங்கள். ஓர் உறுப்பினர் ஒரே மாதத்தில் இரண்டு முகூர்த்த நாட்களுக்கு மேல் ஒரே லென்ஸைப் பதிய முடியாது. மூன்று பேர் கேட்டால், சென்ற முறை கிடைக்காதவருக்கு முன்னுரிமை. பதிந்துவிட்டுக் கடைசி நேரத்தில் வேண்டாம் என்பவர் அந்த நாளுக்கான கட்டணத்தைக் கட்ட வேண்டும். இந்த மூன்றையும் சேரும் நாளிலேயே வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். பதிவுக்குப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். எல்லோரும் பார்க்கக்கூடிய ஓர் இணைய நாட்காட்டியும், மாற்றங்களைச் சொல்ல ஒரு வாட்ஸ்அப் குழுவும் இருந்தால் நூறு உறுப்பினர் வரை சமாளிக்கலாம்.

எந்த மவுண்ட்?

கேமராவுடன் லென்ஸ் பொருந்தும் வளையத்துக்குத்தான் மவுண்ட் என்று பெயர். ஒரு நிறுவனத்தின் லென்ஸ் இன்னொரு நிறுவனத்தின் கேமராவில் நேரடியாகப் பொருந்தாது. ஒரே நிறுவனத்துக்குள்ளேயும் பழைய மவுண்ட், புது மவுண்ட் என்று உண்டு. கேனானின் இ.எஃப். மவுண்ட் 1987-இல் வந்தது, கண்ணாடியில்லாக் கேமராக்களுக்கான ஆர்.எஃப். மவுண்ட் 2018-இல் வந்தது. நிக்கானின் எஃப். மவுண்ட் 1959-இலிருந்து இருக்கிறது, இசட். மவுண்ட் 2018-இல் சேர்ந்தது. சோனியின் இ. மவுண்ட் 2010-இல் தொடங்கியது.

எல்லா மவுண்டுக்கும் ஒவ்வொன்று வாங்கலாம் என்று இறங்கினால் முதல் சிதறிவிடும். எந்த லென்ஸும் போதிய நாட்கள் வெளியே போகாது. முதலில் உங்கள் வட்டாரத்தில் இருபது முப்பது பேரிடம் என்ன கேமரா வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு எழுதுங்கள். எது அதிகமோ அந்த ஒரு மவுண்டில் மட்டும் தொடங்குங்கள்.

பழைய இ.எஃப். லென்ஸ்களுக்கு இப்போது ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. பலர் புது வகைக் கேமராவுக்கு மாறிவிட்டதால் இவை இரண்டாம் கைச் சந்தையில் நிறைய வருகின்றன. கேனானின் சொந்த அடாப்டரைப் போட்டால் ஆர்.எஃப். கேமராவிலும் தானியங்கி ஃபோக்கஸுடன் முழுமையாக வேலை செய்கின்றன. ஆக ஒரே லென்ஸ் பழைய கேமராக்காரருக்கும் புதிய கேமராக்காரருக்கும் உதவும். நிக்கானில் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். லென்ஸுக்குள் மோட்டார் இல்லாத பழைய ஏ.எஃப்.-டி. வகை லென்ஸ்களுக்கு எஃப்.டி.இசட். அடாப்டரில் தானியங்கி ஃபோக்கஸ் கிடைக்காது. விலை மலிவு என்று வாங்கிவிட்டால் பாதி உறுப்பினர்களுக்குப் பயன்படாமல் போகும்.

முதல் அலமாரிக்கு நான் சொல்லும் வரிசை இது: 70-200 எஃப் 2.8, 24-70 எஃப் 2.8, முகப் படங்களுக்கு 85 மி.மீ. எஃப் 1.8, நகை, மருதாணி, மோதிரம் எடுக்க 100 மி.மீ. மேக்ரோ. பறவைக்காரர்கள் இருந்தால் ஐந்தாவதாக 150-600. சிக்மா, டாம்ரான் இரண்டு நிறுவனங்களும் அதைத் தயாரிக்கின்றன. ஏறத்தாழ இரண்டு கிலோ எடை என்பதால் முக்காலிக் கழுத்தோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை வாங்க வேண்டாம். அது மலிவு, தேவைப்படுபவர் சொந்தமாகவே வாங்கிக்கொள்வார்.

பழைய லென்ஸ் வாங்கும்போது

கைபேசி டார்ச்சை ஒரு பக்கத்திலிருந்து அடித்து மறு பக்கத்தில் சாய்த்துப் பாருங்கள். நூல் நூலாக, சிலந்தி வலைபோலத் தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம், அந்த ஒன்று அலமாரியில் இருக்கும் மற்றவற்றுக்கும் ஆபத்து. உள்ளே நாலைந்து தூசித் துகள் இருப்பது சகஜம், படத்தில் தெரியாது. திறப்பு இதழ்களில் எண்ணெய் மினுமினுப்பு இருக்கிறதா, முன் வளையம் நசுங்கியிருக்கிறதா, பின்பக்கத் திருகுகளின் தலை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். திருகு தேய்ந்திருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பிறகு கேமராவில் மாட்டி ஒரு செங்கல் சுவருக்கு நேராக நின்று, திறப்பை முழுவதும் திறந்து எடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கலாம். பழைய உரிமையாளரிடம் அசல் பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் வரிசை எண்ணைக் குறிப்பிட்டு அவர் கையெழுத்துடன் விற்பனைச் சீட்டாவது வாங்குங்கள். திருட்டுப் பொருளை அறியாமல் வாங்கி மாட்டிக்கொள்ளாமல் இருக்க இது உதவும்.

கணக்கு ஒத்து வருமா?

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். இவை சந்தை விலைகள் அல்ல, கணக்கு புரிவதற்கான எண்கள். உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் கையில் 70-200 லென்ஸ் 75,000, 24-70 லென்ஸ் 55,000, 85 மி.மீ. 25,000, மேக்ரோ 30,000 என்று வைத்தால் மொத்தம் 1,85,000 ரூபாய். ஈரப்பதம் நீக்கும் அலமாரிக்கு 15,000 சேர்த்தால் முதல் 2,00,000. இருபது உறுப்பினர்கள், மாதச் சந்தா 300 ரூபாய். அதில் ஆண்டுக்கு 72,000 வரும். லென்ஸ் எடுக்கும் நாளுக்கு அதன் வாங்கிய விலையில் நூற்றுக்கு ஒன்று கட்டணம், அதாவது 70-200 லென்ஸுக்கு நாளொன்றுக்கு 750. அது ஆண்டில் 60 நாளும், 24-70 லென்ஸ் 50 நாளும், 85 மி.மீ. 40 நாளும், மேக்ரோ 25 நாளும் வெளியே போனால் 90,000 வரும். மொத்த வரவு 1,62,000.

செலவில், பொறுப்பாளருக்கு மாதம் 3,000 வீதம் 36,000. பழுதுக்கு ஒதுக்குவது 30,000. மின்சாரம், பை, உறை, கணக்கு எழுதுவது 12,000. லென்ஸின் மதிப்பு ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினைந்து குறையும் என்று 27,750. ஆக 1,05,750. மிச்சம் 56,250, அதாவது இரண்டாம் ஆண்டில் இன்னொரு லென்ஸ்.

இப்போது நாட்கள் பாதியாகக் குறைந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். நாள் கட்டணம் 45,000 தான் வரும். சந்தா 72,000 இருப்பதால் 11,250 ரூபாயாவது மிஞ்சும். சந்தாவே இல்லாத வெறும் வாடகைக் கடையாக இருந்தால் அதே ஆண்டில் 60,750 நஷ்டம். உறுப்பினர் முறையின் பலம் இதுதான். மழையோ, ஆடி மாதமோ, வேலை இல்லாத காலத்திலும் அலமாரிச் செலவைச் சந்தா தாங்கும். உறுப்பினருக்கும் நஷ்டமில்லை. ஆண்டுச் சந்தா 3,600, பதினைந்து நாள் எடுத்தால் 11,250. மொத்தம் 14,850 ரூபாயில் அவர் வேலை முடிந்துவிடுகிறது.

தாமதக் கட்டணத்தை வருமானமாக நினைக்காதீர்கள். ஒரு நாள் தாமதமானால் அந்த ஒரு நாளுக்கான கட்டணம் மட்டும் என்று வையுங்கள். ஆனால் அடுத்தவர் பதிந்திருந்த நாளில் தாமதமாக்கினால், அடுத்த இரண்டு மாதம் முகூர்த்த நாட்களில் பதிய முடியாது என்று சொல்லுங்கள். அபராதத்தைவிட இதற்குத்தான் பயப்படுவார்கள்.

கொடுக்கும்போதும் வாங்கும்போதும் ஐந்து நிமிடம்

ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு நோட்டுப் பக்கம் வேண்டும். மேலே வரிசை எண். கொடுக்கும்போது முன் கண்ணாடி, பின் கண்ணாடி, மவுண்டின் உலோகத் தொடுபுள்ளிகள், முன் வளையம் என நான்கு கைபேசிப் படங்களை இருவரும் பார்க்க எடுத்து, அதே நேரத்தில் அவருக்கே அனுப்பிவிடுங்கள். பிறகு உறுப்பினரின் கேமராவிலேயே மாட்டி, சுவரில் ஒட்டியிருக்கும் ஒரு பழைய நாளிதழ்ப் பக்கத்தை ஒரு படம். திரும்பி வரும்போது அதே நான்கு படம், அதே நாளிதழ்ப் பக்கம், அதே தூரம். ஜூம், ஃபோக்கஸ் வளையங்களை மெதுவாகத் திருப்பி மணல் உரசும் சத்தம் கேட்கிறதா என்று காதருகே வைத்துக் கேளுங்கள். கடற்கரையில் படமெடுத்து வந்த லென்ஸில் அந்தச் சத்தம் கேட்டால் மேலும் திருப்பாமல் அப்படியே பழுது பார்ப்பவரிடம் கொண்டு போக வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் நண்பரிடம் இரவல் கொடுத்த லென்ஸ் நன்றாகத்தான் திரும்பி வந்தது. துடைத்துப் பளபளப்பாகவே இருந்தது. இரண்டு வாரம் கழித்து ஜூம் வளையம் பிசுபிசுத்தது. திருமண வீட்டு வாசலில் தெளித்த பன்னீர் உள்ளே இறங்கியிருந்தது. யார் எடுத்தபோது நடந்தது என்று நிரூபிக்க எதுவும் இல்லை. லென்ஸ் சரியானது, நட்பு இன்றுவரை சரியாகவில்லை. பன்னீர், அட்சதை, மஞ்சள், சந்தனம் என்று நம் விசேஷங்கள் லென்ஸுக்கு எதிரிகள் நிறைந்தவை. ஒவ்வொரு லென்ஸோடும் யு.வி. பாதுகாப்புக் கண்ணாடி, நிழல் மூடி, ஒரு பெரிய மெல்லிய துணி மூன்றையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.

திரும்பி வந்த அன்றே அடுத்தவருக்குக் கொடுப்பதைக் கூடுமானவரை தவிர்க்கவும். சோதிக்கவும் உலரவும் ஒரு நாள் இடைவெளி வேண்டும். கூரியரில் அனுப்பாதீர்கள், நேரில் கைமாறுவதே நல்லது.

உடைந்தால், தொலைந்தால்

ஒரு பொருளைப் பயன்படுத்துவதற்காக ஒருவரிடம் ஒப்படைப்பதை 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 148-ஆம் பிரிவு முதல் பேசுகிறது. சாதாரண அறிவுள்ள ஒரு மனிதர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அந்த அளவு கவனம் போதும் என்கிறது 151-ஆம் பிரிவு. அந்தக் கவனத்தோடு இருந்தும் பொருள் கெட்டால், தனி ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் அவர் பொறுப்பல்ல என்கிறது 152. சொன்ன பயனைத் தவிர வேறு விதமாகப் பயன்படுத்திச் சேதமானால் அவரே ஈடு செய்ய வேண்டும் என்பது 154. உரிய காலத்தில் திருப்பித் தராமல் போனால் அதன் பிறகு நேரும் சேதத்துக்கும் அவரே பொறுப்பு என்பது 161.

இதன் நடைமுறைப் பொருள் என்னவென்றால், எழுத்தில் எதுவும் இல்லையென்றால் "நான் கவனமாகத்தான் இருந்தேன், கூட்டத்தில் யாரோ தட்டிவிட்டார்கள்" என்பவரிடம் நீங்கள் வாங்குவது கடினம். ஆகவே உறுப்பினர் ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதுங்கள். சாதாரணத் தேய்மானம் சேவையின் பொறுப்பு. விழுந்து உடைந்தால் பழுதுச் செலவு எடுத்தவருடையது. பழுது பார்க்க முடியாதென்றாலோ தொலைந்தாலோ, அன்றைய இரண்டாம் கை விலை. புது விலை கேட்காதீர்கள், மூன்று வருடம் ஓடிய லென்ஸுக்குப் புது விலை வாங்குவது நியாயமில்லை. பெரிய தொகையைத் தவணையில் கட்ட அனுமதியுங்கள். இரவல் வாங்கியவர் இன்னொருவருக்கு இரவல் கொடுக்கக் கூடாது என்பதைத் தனி வரியாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பெரும்பாலான சேதங்கள் அந்த மூன்றாவது ஆளிடம்தான் நடக்கின்றன.

காப்பீடு எடுப்பது அவரவர் முடிவு. எடுப்பதானால், வாடகைக்குக் கொடுத்த பொருளுக்குச் செல்லுமா, எடுத்துப் போனவரே ஏமாற்றினால் செல்லுமா என்ற இரண்டு கேள்விகளையும் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் மேலே சொன்ன 30,000 பழுது நிதியைத் தொடாதீர்கள்.

ஆளைத் தெரிந்து கொடுங்கள்

வாடகைக்கு எடுத்த கேமராவை அடகு வைப்பது, விற்றுவிட்டுத் தலைமறைவாவது எல்லாம் வாடகைக் கடைக்காரர்களுக்குப் பழகிப்போன கதை. நம்பி ஒப்படைத்த பொருளைக் கையாடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவின் கீழ் குற்றம், புகார் கொடுக்கலாம். ஆனால் வழக்கு முடிந்து லென்ஸ் திரும்பும்போது அதில் பூஞ்சை பூத்திருக்கும்.

ஏற்கனவே இருக்கும் இரண்டு உறுப்பினர்கள் அறிமுகம் செய்தால் மட்டும் சேருங்கள். வீட்டுக்கு ஒரு முறை நேரில் போய் வாருங்கள். முதல் இரண்டு மாதம் 85 மி.மீ. போன்ற சிறிய லென்ஸ் மட்டும், அதன் பிறகே பெரியது. அடையாளத்துக்கு ஆதார் வாங்கினால் முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட நகலே போதும். அதையும் பூட்டிய இடத்தில் வையுங்கள், வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். அவரிடம் நம் லென்ஸ் இருப்பதுபோல நம்மிடம் இருக்கும் அவருடைய ஆவணமும் ஓர் அமானிதம்தான்.

பூஞ்சை

கடலோர ஊர்களில் இதுதான் மெல்லக் கொல்லும் நோய். காற்றின் ஈரப்பதம் அறுபது சதவீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் கண்ணாடியில் படிந்திருக்கும் தூசியிலும் கைரேகை எண்ணெயிலும் பூஞ்சை வளரத் தொடங்கும். அது வெளிவிடும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரிக்கும். பிறகு துடைத்தாலும் தழும்பு போகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் வீடுகளின் மர அலமாரியும் தோல் பையும் பூஞ்சைக்குப் பண்ணைகள்.

மின்சாரத்தில் இயங்கும் உலர் அலமாரியில் ஈரப்பதத்தை நாற்பதிலிருந்து ஐம்பது சதவீதத்துக்குள் வைக்கவும். மிகவும் காய்ந்தாலும் உள்ளே இருக்கும் மசகு கெடும். அலமாரி வாங்கும்வரை ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாத டப்பாவும் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும், உள்ளே ஒரு சிறிய ஈரப்பத மானியும் போதும். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் வறுத்து உலர்த்த வேண்டும். சமையல் சட்டியில் வறுக்காதீர்கள், நீல நிறத்துக்குக் காரணமான கோபால்ட் நஞ்சு. குளிர்சாதன அறையிலிருந்தோ காரிலிருந்தோ சட்டென்று வெளியே எடுத்தால் கண்ணாடியில் நீர் படியும். பையை மூடியபடியே இருபது நிமிடம் வெளிக்காற்றில் வைத்துவிட்டுத் திறக்கும்படி உறுப்பினர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

விலகும்போதும் விற்கும்போதும்

ஓர் உறுப்பினர் விலகினால் முப்பது நாளுக்குள் முன்பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதியிருப்பீர்கள். ஒரே மாதத்தில் நான்கு பேர் விலகினாலும் கொடுக்கும்படி, வாங்கிய முன்பணத்தில் பாதியையாவது லென்ஸில் போடாமல் வங்கியில் வைத்திருங்கள். கூட்டாளி விலகினால் அன்றைய இரண்டாம் கை விலையில் லென்ஸ்களை மதிப்பிட்டு, பழுது நிதியையும் கடனையும் கணக்கிட்டுப் பங்கு பிரிக்க வேண்டும். மதிப்பிடுபவர் கூட்டாளி அல்லாத மூன்றாம் ஆளாக, தொழில் தெரிந்த ஒரு பழுது பார்ப்பவராக இருக்கட்டும். வருடத்தில் பத்து நாள்கூட வெளியே போகாத லென்ஸை அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று வைத்திருக்காமல் விற்றுவிடுங்கள். விற்பதற்குச் சரியான நேரம் தை முகூர்த்தம் தொடங்குவதற்கு முன் வரும் மாதம். அப்போது நல்ல விலை போகும். வாங்குவதற்கு ஆடி.